ஹார்வர்டை வென்ற கைதிகள்!

குட்டீஸ்... அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் எவ்வளவு புகழ் பெற்றது என்று உங்களுக்குத் தெரியும். 2015 செப்டம்பரில் அதன் விவாதக் குழு மாணவர்கள், ஒரு போட்டியில் தோற்றுப் போயினர். வென்றது யார் தெரியுமா? நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றின் கைதிகள் மூன்று பேர்!

போட்டி நடந்ததும் சிறைக்குள்ளே தான். கைதிகளுக்கு இணைய வசதி கிடையாது. கேட்ட புத்தகம் அனுமதி பெற்று கைக்கு வர, வாரக்கணக்கில் ஆகும். பார்ட் கல்லூரி சிறைக்குள் நடத்தும் பட்டப்படிப்பில் சேர்ந்து படித்தவர்கள் அவர்கள்.

'தப்பு செய்தவர்களுக்கு இலவசப் படிப்பா? ஏழை வீட்டுப் பிள்ளைகள் கடன் வாங்கி அல்லவா படிக்கின்றனர்!' என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்வி தான். அமெரிக்காவிலும் இப்படித் தான் கேட்டனர். ஏழை மாணவர்களுக்கு அரசு தரும், 'பெல்' உதவித்தொகை, 1994ல் சட்டம் போட்டு கைதிகளுக்கு நிறுத்தப்பட்டது. மொத்தத் தொகையில் கைதிகளுக்குப் போனது, ஒரு சதவீதம் கூட இல்லை. ஆனாலும், அது நின்றதும் சிறைகளில் நடந்த கல்லூரி வகுப்புகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

இதனால் லாபமா, நஷ்டமா?

'ராண்ட்' ஆய்வு நிறுவனம், அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, 2013ல் கணக்குச் சொன்னது. சிறையில் கல்வியோ, தொழிற்பயிற்சியோ பெற்றவர்களில், மீண்டும் சிறைக்குத் திரும்புவோர், மற்றவர்களை விட நூற்றுக்கு 13 பேர் குறைவு. படிப்புக்கு ஒரு டாலர் செலவிட்டால், மூன்றே ஆண்டுகளில் சிறைச் செலவில், நான்கு முதல் ஐந்து டாலர் மிச்சம்! பணம் மட்டுமா? குற்றம் குறைந்தால், திருட்டுப் போகாத வீடுகளும், அடிபடாத மனிதர்களும் அதிகம்.

ஆனால், பயிற்சி மட்டும் போதாது. கலிபோர்னியாவில் கைதிகள் பயிற்சி பெற்று, காட்டுத்தீயை அணைக்கின்றனர். விடுதலையான பின் தீயணைப்பு வேலை கேட்டுப் போனால், பழைய வழக்கு குறுக்கே நின்றது. அந்தத் தடையை நீக்க வழி செய்யும் சட்டம், 2020ல் தான் வந்தது.

'பெல்' உதவித்தொகையும், 2023 ஜூலை முதல் கைதிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு தவறான கணக்கைத் திருத்த, 29 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர், ஒருநாள் வெளியே வரத் தான் போகின்றனர். ஏதோ ஒரு தெருவில், யாருக்கோ பக்கத்து வீட்டில் வாழத் தான் போகின்றனர். அவர்கள் கையில் ஒரு தொழிலோடு வர வேண்டுமா, வெறுங்கையோடு வர வேண்டுமா? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்!