பொறுமை என்பது ஊமைத்தனமன்று

1990 அக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டிய விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட்டனர். அம்மாதத்தில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். புத்தளத்து ஓலைக் குடிசைகளில் வளர்ந்த அக்குழந்தைகளுள் பலர் இன்று நாற்பதைக் கடந்த தாய் தந்தையர்.

அவர்கள் வாய் திறந்தால் நம்மவர் சொல்வது யாது? "ஸபுர் செய்யுங்கள்; பழையதைக் கிளறாதீர்கள்!" இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் துயரத்தால் கண்ணொளியையே இழந்தார்கள். "அழகிய பொறுமை" என்னும் சொல்லோ திருமறையில் அவர்களுடைய வாய்மொழியாகவே வருகிறது. அழுகை பொறுமைக்குப் பகையாயின், அந்த நபியை என்னென்போம்?

சோதனைச் சாவடியில் உம்மாவின் நகைகள் கழற்றப்படுவதைக் கண்ட சிறுமிக்கு, அதனைக் கேட்பாரற்ற வீடு இரண்டாவது அகதி முகாமே ஆகும்.

போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. ஊர் திரும்பியோர் உண்டு. புத்தளத்திலேயே வேரூன்றியோரும் உண்டு. எங்கிருப்பினும், சொல்லி ஆறிய துயரம் வரலாறாகும். விழுங்கிய துயரம் பிள்ளைகளுக்குப் பகையாக இறங்கும்.

ஆகவே, அன்பர்களே, மஃரிபுக்குப் பின் பாயை விரியுங்கள். பிள்ளைகளையும் அருகமர்த்துங்கள். "அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள், இடைமறிக்காது கேளுங்கள். நம்பிக்கை அங்கேதான் துளிர்க்கும், இன்ஷா அல்லாஹ்.