சட்டக் கல்லூரி இடம்: தாமதமும் அநீதியே

மும்பையில் சட்டம் படிக்க விரும்பும் மாணவருக்கு முக்கியமாக இரண்டு வாசல்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு. 1855இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி முதல் செம்பூர் விவேகானந்த் சட்டக் கல்லூரி வரையிலானவற்றுக்கு மாநில அரசின் பொது நுழைவுத் தேர்வான சிஇடி. கிளாட் டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. சிஇடி வழிச் சேர்க்கைச் சுற்றுகளோ பல ஆண்டுகளில் மழைக்காலம் தாண்டியும் நீண்டிருக்கின்றன. இந்த இடைவெளியில் தனியார் பல்கலைக்கழகங்கள் இடம் தந்து, குறித்த நாளுக்குள் பணம் கட்டச் சொல்கின்றன. வசதியுள்ள வீடு பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். தாராவியில் தோல் பட்டறைக் கூலியில் ஓடும் வீடு, ஒன்றைக் கைவிட்டுத்தான் மற்றொன்றைப் பிடிக்க முடியும். மதிப்பெண்ணுக்குச் சம்பந்தமில்லாத வடிகட்டல் இது.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமே என்பார்கள். 2024–25இல் செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் பணம் கைக்கு வரும்வரை கடனுக்கு வட்டி ஏறும். வழக்குகள் வந்தால் தாமதம் தவிர்க்க முடியாதது என்ற வாதமும் ஓரளவே சரி. 2024 டிசம்பர் 1இல் நடந்த இளநிலை கிளாட் தேர்வின் திருத்திய முடிவு, வழக்குகளால் 2025 மே மாதம்தான் வந்தது. அத்தகைய வழக்கை முன்கூட்டிக் கணிக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் சான்றிதழ் சரிபார்ப்பைத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடலாம். முதல் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும் தேதியை விண்ணப்பத்தின்போதே மாநில அரசு அறிவிக்க வேண்டும். அந்தத் தேதிவரை எந்தப் பல்கலைக்கழகமும் முன்பணம் கேட்கக் கூடாது என யுஜிசி விதி வகுக்க வேண்டும்.