புதுசு வரட்டும், மெயின் லைனை மறிக்காம வரட்டும்



இந்த வாரம் மழையும் இல்லை, மஞ்சள் விலையும் இல்லை. செல்போன்ல இருக்கற செயலிகளைப் பத்தி எழுதறேன். தோட்டக்காரனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு நினைக்கலாம். மோட்டார் போடறது, சந்தை விலை பாக்கறது, ஆளுக்குக் கூலி அனுப்பறது, பி.எம். கிசான் பணம் ஏறிடுச்சான்னு பாக்கறது எல்லாமே இப்ப அதுக்குள்ளதான் இருக்கு. மண்வெட்டிக்குக் காம்பு சரியா உக்காரலைன்னா கொல்லன்கிட்ட சொல்ற மாதிரி, செயலி சரியில்லைன்னா அதைச் செஞ்சவங்ககிட்டயும் சொல்லலாம்.

எங்க ஊருக்குள்ள இதுல ரெண்டு கட்சி இருக்கு. இளவட்டங்க, "புது வசதி சேர்க்கலைன்னா அந்தச் செயலியை யாரும் தொடமாட்டாங்க"ன்னு சொல்றாங்க. பெரியவங்க, "இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு, அதை எதுக்கு நோண்டறாங்க"ங்கறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் பாதிப் பாதிதான் சரின்னு எனக்குப் படுது. புது வசதி கட்டாயம் வேணும். அது எந்த இடத்துல வந்து சேருது, சேரும்போது பழைய வேலையை என்ன பண்ணுதுங்கறதைத்தான் பாக்கணும்.

சொட்டுநீர் போட்டவங்களுக்கு வென்ச்சுரி தெரியும். உரத்தைத் தண்ணியோட கலந்து விடறதுக்கு வைக்கறது. அதை மெயின் பைப்பை வெட்டி நடுவுல சொருகறதில்லை. பக்கத்துல ஒரு பைபாஸ் எடுத்து, ரெண்டு பக்கமும் சின்ன வால்வு வச்சு மாட்டுவோம். உரம் விடற அன்னைக்கு மெயின் வால்வைக் கொஞ்சம் மூடுனா தண்ணி பைபாஸ்ல திரும்பி, பக்கெட்ல இருக்கற உரத்தண்ணியை உறிஞ்சிட்டுப் போகும். உரம் வேண்டாத அன்னைக்கு சின்ன வால்வு ரெண்டையும் மூடிட்டு மெயினை முழுசாத் திறந்துவிட்டா, வென்ச்சுரி ஒண்ணு இருக்கறதே தெரியாது. அது அடைச்சுக்கிட்டாலும் பயிருக்குத் தண்ணி போறது நிக்காது. புது வசதியை எப்படிச் சேர்க்கணும்னா இப்படித்தானுங்க சேர்க்கணும்.

இப்ப மோட்டாருக்கு வர்றேன். மூணு பேஸ் கரண்ட் ஷிப்ட் போட்டு வந்த காலத்துல, ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டு வரப்புல நடந்து போய் மோட்டார் போட்டவங்க நாங்க. பாம்பு மிதிச்ச கதை ஊருக்கு நாலு இருக்கும். அப்புறம்தான் செல் ஸ்டார்ட்டர் வந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு. சில மாடலுக்கு மிஸ்டு கால் குடுத்தாப் போதும், சில மாடலுக்குக் கூப்பிட்டு ஒரு நம்பரை அமுக்கணும். மோட்டார் ஓடும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் பட்டன் போன்ல போட்டு நிறுத்துனாங்க.

அந்தப் பெட்டிக்குள்ள வசதி கொஞ்சமாவா இருக்கு? தண்ணி வத்திப்போனா தானே நிறுத்திக்கும். ஒரு பேஸ் போனா நிறுத்திக்கும். வோல்டேஜ் குறைஞ்சா காயில் கருகாம காப்பாத்தும். இத்தனைக்கும் நாம ஒரு பட்டனும் கூடுதலா அமுக்கறதில்லை. வசதி அத்தனையும் உள்ளே வேலை செய்யுது, வெளியே வேலை சுலபமா இருக்கு. வசதி கூடுனா குழப்பமும் கூடித்தான் ஆகணும்னு யாராவது சொன்னா, இந்தப் பெட்டியைக் காட்டுங்க.

இப்ப வர்ற சில மாடல்ல செயலி இருந்தாத்தான் மோட்டார் ஓடும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன வருஷம் அப்படி ஒண்ணு மாட்டுனாரு. ஓ.டி.பி. வாங்கி உள்ளே போகணும். போனதும் மொதல்ல கிராப் வருது, எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எத்தனை யூனிட் கரண்ட் எடுத்துச்சுன்னு. அதுக்கப்புறம் பூச்சி மருந்து விளம்பரம். ஆன் ஆஃப் பட்டன் மூணாவது பக்கத்துல. அதையும் ஒரு அப்டேட்ல வேற மூலைக்கு மாத்திட்டாங்க. கடைசில அண்ணன் அதைத் தன் பையன் போன்ல போட்டுக் குடுத்துட்டாரு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். அரை கிலோமீட்டர்ல இருக்கற மோட்டாரை நிறுத்தறதுக்கு இவரு திருப்பூருக்குப் போன் போடறாரு. நைட் ஷிப்ட்ல இருந்தா பையன் எடுக்க முடியாது. அப்படி ஒரு ராத்திரி, சின்ன வெங்காயக் காட்டுல விடிய விடியத் தண்ணி நின்னுச்சு. வெங்காயத்துல தண்ணி நின்னா என்ன ஆகும்னு இதைப் படிக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த கிராப் கெட்டதுன்னு நான் சொல்லலைங்க. கரண்ட் கணக்கு எனக்கும் வேணும். ஆனா கணக்குப் பாக்கறது மாசத்துக்கு ஒருக்கா, மோட்டார் நிறுத்தறது தினம் ரெண்டு தடவை. மாசம் ஒருக்கா வேணுங்கறதை முன்னால வச்சு, தினம் வேணுங்கறதைப் பின்னால தள்ளுனா அது எப்படிங்க முன்னேற்றம்?

புதுசை அழகாச் சேர்த்ததும் இருக்கு. 2003ல வந்த நோக்கியா 1100 ஞாபகம் இருக்குங்களா? அதுல டார்ச் லைட் வச்சாங்க. ஒரே பட்டனை அமுக்கிப் பிடிச்சா எரியும். போன் பேசறதுக்கு அது ஒரு இடைஞ்சலும் பண்ணலை. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்த போன் அது.

வாட்ஸ்அப் 2009ல வந்தது. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட மேசையில விளம்பரம் கூடாது, விளையாட்டு கூடாது, வித்தை காட்டற வேலை கூடாதுன்னு ஒரு சீட்டு இருந்ததாம். 2014ல பேஸ்புக் கம்பெனி வாங்கும்போது 45 கோடிப் பேர் அதை வச்சிருந்தாங்க, வேலை பாத்தவங்க 55 பேர்தான். அவங்களும் புதுசு சேர்க்காம இல்லை. 2013ல குரல் செய்தி வச்சாங்க. தமிழ்ல தட்டச்சு வராத எங்க ஆளுங்களுக்கு அந்த ஒரு மைக் பட்டன்தான் வாட்ஸ்அப்பே. பட்டனைப் பிடி, பேசு, விடு. எழுதறவங்களுக்கும் அதால ஒரு தொந்தரவும் இல்லை.

அதே கம்பெனி 2017 பிப்ரவரில, பேருக்குக் கீழ ஒரு வரி எழுதி வச்சுக்கற பழைய ஸ்டேட்டஸை எடுத்துட்டு, 24 மணி நேரத்துல மறையற போட்டோ, வீடியோவைக் கொண்டு வந்துச்சு. ஜனங்க சத்தம் போட்டாங்க. அடுத்த மாசமே பழைய வரியைத் திருப்பிக் குடுத்தாங்க. புதுசும் இருந்துச்சு, இன்னைக்கு அதை நம்மாளுங்கதான் பூ படம் போட்டுக் கொண்டாடறாங்க. பழசை எடுத்துட்டு அதே இடத்துல புதுசை வச்சபோது வந்த சண்டை, ரெண்டையும் வச்சதும் அடங்கிப் போச்சு.

இதெல்லாம் வெறும் சௌகரியப் பேச்சுன்னு தள்ளிடாதீங்க. இதுக்குப் பின்னால பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. ஒரு செயலி புரியலைன்னா நம்ம ஊர்ப் பெரியவங்க புகார் எழுதமாட்டாங்க. "எனக்கு வயசாயிடுச்சு கண்ணு, நீயே பாத்துக் குடு"ன்னு போனை அடுத்தவன் கையில குடுத்துடுவாங்க. கூடவே பின் நம்பரையும் சொல்லிடுவாங்க. போன் கவருக்குள்ள பின் நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருக்கற பெரியம்மாக்களை நான் பாத்திருக்கேன். செயலி செஞ்சவங்க கணக்குல அந்தப் பெரியம்மாவும் ஒரு பயனாளிதான். ஆனா அவங்க பெட்டிச் சாவி அவங்ககிட்ட இல்லை.

2016ல யு.பி.ஐ. வந்தப்ப, பணம் அனுப்பற மாதிரியே பணம் கேக்கற வசதியும் இருந்துச்சு. சொந்தக்காரங்களுக்குள்ள கேட்டு வாங்கிக்க நல்லதுதான். ஆனா திருட்டுப் பசங்க, "உங்களுக்குப் பணம் வருது, பின் போடுங்க"ன்னு சொல்லி அதை வச்சே உறிஞ்சிட்டாங்க. 2025 அக்டோபர் 1ல இருந்து தனி ஆளுக்குத் தனி ஆள் அப்படிக் கேக்கற வசதியை நிறுத்திட்டாங்க. களை எடுக்கறதும் வெள்ளாமைதானுங்க. சேர்த்ததை எடுக்கற துணிச்சலும் வேணும். (பணம் வாங்கறதுக்கு எப்பவுமே பின் போட வேண்டியதில்லை. வீட்டுல இருக்கறவங்களுக்கு இதை இன்னொரு தடவை சொல்லி வைங்க.)

2022 மார்ச்ல ரிசர்வ் வங்கி யு.பி.ஐ. 123பே கொண்டு வந்துச்சு. பட்டன் போன் வச்சிருக்கறவங்க போன் பேசியோ மிஸ்டு கால் குடுத்தோ பணம் அனுப்பலாம். ஸ்மார்ட்போன் வந்துடுச்சேன்னு பட்டன் போன்காரங்களை வழியில இறக்கி விடலை, அவங்களுக்குன்னு பக்கத்துல ஒரு தடம் போட்டாங்க. நான் சொல்ற பைபாஸ் இதுதான்.

"நீங்கதான் கத்துக்கணும், காலம் மாறுதில்ல"ன்னு தம்பிங்க கேப்பாங்க. நாங்க கத்துக்காதவங்களா? வாய்க்கால் பாசனம் பண்ணுனவங்க சொட்டுநீருக்கு மாறுனோம். புது வேலையை ஒருக்காக் கத்துக்க நாங்க தயார். ஒரே வேலையை ஆறு மாசத்துக்கு ஒருக்கா மறுபடி மறுபடி கத்துக்கச் சொன்னாத்தான் எரிச்சலா வருது. தினம் சாப்பாட்டுக்கு உக்காரும்போது சோத்துச் சட்டியை வேற வேற இடத்துல வச்சா வீட்டுல சண்டை வராதா?

செயலி செய்யற தம்பி, தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா நாலு விசயம் கேட்டுக்கறேன்.

1. ஜனங்க தினமும் எதுக்குத் திறக்கறாங்களோ, அந்த ஒரு வேலை மொதல் பக்கத்துலயே இருக்கட்டும். அதை எப்பவும் இடம் மாத்தாதீங்க.

2. புதுசைப் பக்கத்துல வைங்க. வேண்டாங்கறவங்க மூடி வைக்கற மாதிரி ஒரு வால்வு குடுங்க.

3. எத்தனை பேர் புது வசதியைத் தொட்டாங்கன்னு எண்ணறீங்க. அதுக்கப்புறம் எத்தனை பேர் போனை அடுத்தவங்க கையில குடுத்தாங்கன்னும் ஒரு கிராமத்துக்கு வந்து பாத்துட்டுப் போங்க.

4. டவர் ஒரே கட்டை காட்டற ராத்திரிலயும் அவசர வேலை நடக்கணும். இன்டர்நெட் இல்லைன்னா போன் கால் வழியாவது நடக்கட்டும்.

இதுல நாலாவதை மட்டுமாவது அந்த ஸ்டார்ட்டர் கம்பெனிக்காரங்க செஞ்சிருந்தா அண்ணனோட வெங்காயம் தப்பிச்சிருக்கும். புதுசா ஸ்டார்ட்டர் வாங்கப் போறவங்க கடையில ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்குங்க: "செயலி இல்லாம, பட்டன் போன்ல இருந்து இதை நிறுத்த முடியுமா?" முடியாதுன்னு சொன்னா, அடுத்த கடைக்குப் போங்க.