குரங்குக்கு வர்க்கி கொடுக்கலாமா?

போன ஞாயித்துக்கிழமை அருவங்காடு ஸ்டேஷன்ல மலை ரயிலுக்காக நின்னுட்டு இருந்தோம். என் பொண்ணுக்கு ரெண்டு நாளா சளி, மூக்கு ஒழுகிட்டே இருக்கு. பாதி கடிச்ச வர்க்கியை சுவத்து மேல இருந்த குரங்குகிட்ட நீட்டினா. தடுத்தேன். "வாயில்லா ஜீவன்டா, ஒரு துண்டுல என்ன ஆயிடப் போவுது?"ன்னு எங்கம்மாவுக்குக் கோபம்.

கடிச்சிடும்னு நான் பயந்ததா அம்மா நினைச்சாங்க. அதுவும் உண்மைதான். குரங்கு கடிச்சா வெறிநோய்த் தடுப்பூசி போட்டே ஆகணும். ஆனா என் பயம் வேற. நம்ம சளி குரங்குக்குப் போயிடுமோன்னுதான்!

சிரிக்காதீங்க. ஐவரி கோஸ்ட்ல டாய் காட்டுல, ஆராய்ச்சிக்காரங்க பக்கத்துல இருந்து பார்த்துப் பழக்கின சிம்பன்சிகள் மூச்சு நோய் வந்து செத்துச்சு. மனுசங்களோட சாதாரண சளி வைரஸ்தான் காரணம்னு 2008ல நிரூபிச்சாங்க. 2021 ஜனவரியில சான் டியாகோவுல கொரில்லாக்களுக்கே கொரோனா வந்துச்சு. உகாண்டாவுல கொரில்லா பார்க்கப் போறவங்களுக்கு இருமல், காய்ச்சல் இருந்தா அனுமதி கிடையாது.

நம்மூர்க் குரங்கு சிம்பன்சி அளவுக்கு நெருங்கின சொந்தம் இல்ல, சரி. ஆனா நம்ம தட்டம்மை இந்த இனக் குரங்குகளுக்கும் தொத்தும்.

எதிர்த்திசையிலயும் வண்டி ஓடுது. எய்ட்ஸ் கிருமியோட மூலம் சிம்பன்சி வைரஸ். அவ்ளோ தூரம் எதுக்கு? 1957ல ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டுல குரங்குகள் கொத்துக் கொத்தா செத்துச்சு, ஜனங்களுக்கும் காய்ச்சல். உண்ணி கடிச்சுப் பரவுற வைரஸ். அதுல குரங்கும் நம்மள மாதிரியே பாதிக்கப்பட்ட கட்சிதான். அதே காய்ச்சல் 2012ல, நம்ம முதுமலையை ஒட்டின பந்திப்பூர்ல, செத்த குரங்குகளைக் கையாண்டவங்களுக்கு வந்துச்சு.

என்னோட கருத்து இதான்: குரங்கை விரட்டவும் வேணாம், விருந்தாளியாக்கவும் வேணாம். கையால ஊட்டாதீங்க. எச்சிப் பண்டத்தையும் மிச்சச் சோத்தையும் வெளிய எறியாம குப்பைத்தொட்டியை மூடி வைங்க. காட்டோரம் செத்த குரங்கைப் பார்த்தா தொடாம வனத்துறைக்குச் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சளி புடிச்ச கையால கைக்கொழந்தைய தூக்க விடமாட்டோம்ல, அது மாதிரியா?"ன்னாங்க.

அதே மாதிரிதான். இதுக்கு மேல நான் என்னத்த எழுத?