பயிர் காக்கும் துப்பாக்கி: பதிவேட்டில் இருந்தால்தான் பாதுகாப்பு

மக்காச்சோளம் பால் பிடிக்கும்போதும் நிலக்கடலை முற்றும்போதும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்குகின்றன. வேலியோரம் சேலை கட்டியும், வெடி போட்டும் பலன் இல்லாதபோது, சிலருக்கு நாட்டுத் துப்பாக்கி நினைவு வருகிறது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால், 2019ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பன்றி தின்ற பயிரை அடுத்த பருவத்தில் ஈடுகட்டலாம். இந்த வழக்கில் சிக்கினால் குடும்பமே முடங்கிவிடும்.

நேர்வழி ஒன்று சட்டத்திலேயே உள்ளது. உண்மையான பயிர் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டம் கூறுகிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. எனவே சிறு விவசாயியும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பித்ததும் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து அறிக்கை கேட்கப்படும். 21 வயது நிரம்பாதவர், வன்முறைக் குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்று விடுதலையாகி 5 ஆண்டு ஆகாதவர், மனநலம் குன்றியவர் ஆகியோருக்கு உரிமம் கிடையாது. மறுத்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொதுநலன் கருதி வெளியிட முடியாதவை தவிர, நீங்கள் கேட்டால் தர வேண்டும். மேல்முறையீடும் உண்டு.

உரிமம் பெற்றவர் விவரம் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏறி, தனி அடையாள எண் தரப்படுகிறது. அந்த எண் இல்லாத பழைய உரிமம் செல்லாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறதா? உரிமதாரர் இறந்துவிட்டால் தாமதமின்றி போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். துப்பாக்கி உரிமம், பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு வனத்துறையின் அனுமதி தனியே வேண்டும். காப்புக்காட்டில் இருந்து 3 கி.மீ.,க்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தபோதும், அந்தப் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டது.

கேரளா வேறு வழியில் சென்றது. உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பன்றியைச் சுடலாம் என 2022ல் ஏற்பாடு செய்தது. யாரிடம் முறையான துப்பாக்கி இருக்கிறது என்ற கணக்கு இருந்தால்தான் இப்படி ஒரு ஏற்பாடே சாத்தியம்.

பதிவேடு பயன்பட வேண்டுமானால், அதற்குள் நுழையும் வாசல் திறந்திருக்க வேண்டும். போலீஸ் அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதற்குக் காத்திராமல் முடிவெடுக்க உரிமம் வழங்கும் அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. விசாரணை கறாராக இருக்கட்டும். ஆனால் கோப்பு தூங்கக் கூடாது. நேர்மையாக விண்ணப்பித்தவரை அலையவிட்டால், துப்பாக்கிகள் குறையாது. கணக்கில் வராத துப்பாக்கிகள்தான் கூடும்.

விண்ணப்பித்த ரசீதையும் உரிம நகலையும் பத்திரப்படுத்துங்கள். புதுப்பிக்கும் தேதியை, விதைப்புத் தேதி போல நினைவில் வையுங்கள்.