நுரை கற்பித்த பாடம்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைக் காணாத மாணவர் நம்மில் மிகச் சிலரே. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் புறநகர்களைத் தொட்டுக்கொண்டு தமிழகத்துள் நுழையும் தென்பெண்ணையைத் தேக்கும் அணை அது. மதகுகளைத் திறக்கும்போது நீரோடு வெண்ணுரையும் பொங்கி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் ஆற்றில் கலப்பதன் அடையாளம் அந்த நுரை. அக்கேட்டைப் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். நான் சொல்ல வந்தது வேறு. கருவிகளுக்கு நிரல் எழுதுவோர் எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது அந்த நுரைதான்.

ஆற்று நீர்மட்டத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை எங்கள் ஆய்வுக்கூடத்தில் அமைத்தோம். மீயொலி சென்சார் ஒன்றை மேலே பொருத்தினால், அது நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும். சென்று திரும்பிய நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். ஆகவே 4 மீட்டருக்குக் கீழே உள்ள நீரைத் தொட்டுத் திரும்ப 23 மில்லி நொடியே போதும். சென்சாரிடம் பேசும் டிரைவர் நிரலை நானே எழுதினேன். “எதிரொலி வந்ததா, வந்ததா” என்று அது ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இதனைப் போலிங் என்பர்.

வாளித் தண்ணீரில் கருவி அழகாக வேலை செய்தது. கெலவரப்பள்ளியை நினைத்து, நண்பர் ஒருவர் வாளியில் சோப்புத் தூளைக் கரைத்து நுரை எழுப்பினார். கருவி அப்படியே நின்றுவிட்டது! நுரை ஒலியை விழுங்கிவிடும், எதிரொலி திரும்பாது. என் நிரலோ வராத விடைக்காக முடிவின்றிக் காத்திருந்தது. வேறு எந்த வேலையையும் அது செய்யவில்லை.

“30 மில்லி நொடிக்கு மேல் காத்திருக்காதே, விடை இல்லையெனில் சுழி என்று கொள்” எனத் திருத்தினேன். மீண்டும் நுரை எழுப்பினோம். உடனே அபாய மணி அலறியது! தூரம் சுழி என்றால் தண்ணீர் சென்சாரையே தொட்டுவிட்டது என்றல்லவா பொருள்? வாளிக்குள் வெள்ளம் வந்துவிட்டதாக நண்பர்கள் சிரித்தனர். “சுழி வேண்டாம், முன்பு கிடைத்த அளவையே மறுபடி காட்டு” என்றார் ஒருவர். அது இன்னும் கொடிது. நீர் ஏறிக்கொண்டே போனாலும் கருவி பழைய அளவைக் காட்டி நம்மை உறங்க வைத்துவிடும்.

அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. “தெரியவில்லை” என்பதும் ஒரு விடையே. அந்த விடையை எண்ணுக்குள் ஒளித்து வைப்பது பொய் சொல்வதற்கு ஒப்பாகும். அளவு ஒரு வழியிலும், பிழைக்குறி வேறு வழியிலும் வரவேண்டும்.

அவசரப்படுவதும் இதைப் போன்ற பிழையே. நீரின் வெப்பத்தை அளக்கப் பலரும் பயன்படுத்தும் டிஎஸ்18பி20 என்னும் சென்சார், தன் முழு நுட்பத்துடன் அளந்து முடிக்க 750 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ளும். மின்சாரம் கொடுத்தவுடன், அளக்க விடாமல் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். அது அளந்து சொன்ன வெப்பமன்று. பிறவியிலேயே அதன் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் எண். தென்பெண்ணை கொதிக்கிறது என்று அதை நம்பி அறிக்கை எழுதலாமோ?

காலவரம்பு முடிந்ததும் “விடை இல்லை” என்று முடிவு கட்டுவதிலும் நிதானம் வேண்டும். நம் நிரல் கேட்டுக்கொண்டிருக்கையில் கணிப்பொறி வேறு வேலைக்குச் சென்று திரும்பக்கூடும். அதற்குள் காலவரம்பு கடந்திருக்கும். ஆனால் சென்சாரும் விடை தந்திருக்கும். எனவேதான் லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென உள்ள குறுநிரல்கள், காலம் கடந்த பின்னும் இறுதியாக ஒருமுறை கேட்டுவிட்டே தோல்வியை அறிவிக்கின்றன. வாசலைப் பூட்டுமுன் யாரேனும் வருகிறார்களா என்று தெருவை ஒருமுறை எட்டிப்பார்ப்பது போன்ற நல்ல பழக்கம் அது.

இத்தனை சிறு செய்திக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் நகருக்கருகே துருக்கி நாட்டு விமானம் ஒன்று விழுந்து 9 பேர் மாண்டனர். உயரம் காட்டும் கருவி ஒன்று, விமானம் வானில் இருக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. அதை நம்பிய தானியங்கி அமைப்பு எஞ்சின்களின் விசையைக் குறைத்துவிட்டது. விமானிகள் அதனை உரிய நேரத்தில் கவனித்துத் திருத்தவில்லை. விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் தொடக்கம் ஒரு பொய்யான எண்.

நம் ஆற்றுக்கு வருவோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கரையோர மக்களை வாட்டியது. இனி ஆறுகளின் ஓரம் கருவிகள் பெருகும். அவற்றுக்கு நிரல் எழுதப் போகிறவர்கள் ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் நம் மாணவர்களே. வாளியில் அடித்த பொய் மணிக்குச் சிரித்தோம். ஆற்றங்கரையில் இரண்டு முறை பொய் மணி அடித்தால், மூன்றாம் முறை உண்மையாக அடிக்கும்போது யார் எழுந்து ஓடுவார்?

ஆகவே என் கருத்து இது: நம் செய்முறைத் தேர்வுகளில் சரியான விடை வந்ததற்கு மட்டும் மதிப்பெண் தருகிறோம். சென்சாரின் கம்பியைக் கழற்றிவிட்டு, “இப்போது உன் நிரல் என்ன சொல்கிறது?” என்றும் ஆசிரியப் பெருமக்கள் கேட்க வேண்டும். அதற்கும் மதிப்பெண் அளிக்க வேண்டும்.

காலமறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். உரிய காலம்வரை பொறுத்திருப்போம். அதற்கு மேல் மயங்கி நிற்க வேண்டாம். தெரியாததைத் தெரியாதென்றே உரைப்போம். நிரலுக்கு மட்டுமன்று, அதனை எழுதும் நமக்கும் இது பொருந்தும் அன்றோ?