கிண்டில் திரை, நிறம் மாறும் பனியன்... ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கை வெச்சா கலர் மாறுற டி-ஷர்ட்டைப் பார்த்திருப்பீங்க. கிண்டிலில் புத்தகமும் படிச்சிருப்பீங்க. ரெண்டிலும் வேலை செய்வது மைக்ரோ கேப்சூல்தான். அதன் தோல் எதனால் ஆனது என்பது இன்று திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்குப் பணப் பிரச்னை.

முதலில் கிண்டில். திரைக்குள் தலைமுடிப் பருமனில் ஏராளமான கேப்சூல்கள். ஒவ்வொன்றிலும் தெளிந்த எண்ணெய். அதில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள். வோல்டேஜ் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போகும். கரன்ட்டை நிறுத்தினாலும் எழுத்து அப்படியே நிற்கும். துகள்களை அடைத்து வைக்காமல் விட்டால் நாளடைவில் ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் தேங்கிவிடும். இதற்குத் தீர்வு கண்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் இருந்த ஜோசப் ஜேக்கப்சன் குழு. 1997-ல் இ இங்க் நிறுவனம் தொடங்கியது. 2007-ல் கிண்டில் வந்தது.

ஆனா கேப்சூல் அதைவிடப் பழசு. மேலே எழுதினா கீழே பதியுமே, கார்பன் வைக்காத பில் புக்? அதற்காக 1950-களில் அமெரிக்காவின் என்.சி.ஆர். நிறுவனம் உருவாக்கியது. வெதுவெதுப்பான நீரில் ஜெலட்டின், வேல மரப் பிசின் இரண்டையும் கரைத்து, எண்ணெயைச் சிறு துளிகளாகும்படி கலக்குவார்கள். சிறிது அமிலம் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் தோலாகப் படியும். குளிரவைத்து இறுக்கினால் கேப்சூல் ரெடி. துளியின் அளவைத் தீர்மானிப்பது கலக்கும் வேகம்.

டி-ஷர்ட் கேப்சூலுக்குள் இருப்பது சாயம், அதற்கு நிறம் கொடுக்கும் அமிலப்பொருள், மெழுகு போன்ற ஒரு பொருள். உடல் சூட்டில் மெழுகு உருகினால் சாயமும் அமிலமும் பிரியும், நிறம் மறையும். 1991-ல் அமெரிக்காவைக் கலக்கிய ஹைப்பர்கலர் சட்டைகள் இப்படித்தான். சுடுதண்ணீரில் துவைத்ததும் பல சட்டைகளின் மேஜிக் போச்சு.

சிக்கலே இங்கதான். பைண்டரில் கலந்து, ஸ்கிரீனில் அடித்து, கியூரிங் சூட்டையும் பல சலவைகளையும் தாங்க ஜெலட்டின் தோலால் முடியாது. அதனால் மெலமைன் ஃபார்மால்டிஹைடு பிசின் தோல் பரவலாகப் பயன்படுகிறது. வாசனைத் துணி, கொசு விரட்டும் துணிக்கான கேப்சூல்களிலும் இது உண்டு. அதில் மிச்சமிருக்கும் ஃபார்மால்டிஹைடு துணிக்கு வந்துவிடலாம்.

ஐரோப்பிய யூனியனில் 2020 நவம்பர் 1 முதல் ஆடைகளுக்கு வரம்பு, கிலோவுக்கு 75 மில்லிகிராம். ஜப்பானில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடைக்கு இன்னும் கறார். நூல் சுத்தம், சாயம் சுத்தம், ஆனா நெஞ்சில் அடித்த ஒரு பிரிண்ட்டால் டெஸ்ட் ஃபெயில் ஆகலாம். அப்போ மாட்டுவது கேப்சூல் தயாரித்தவர் இல்லை, சரக்கு அனுப்பியவர்.

அதனால் பேஸ்ட் வாங்கும்போதே தோல் என்ன பிசின் என்று எழுத்தில் கேளுங்க. டப்பாவில் இருக்கும் பேஸ்ட்டை மட்டும் டெஸ்ட் செய்தால் போதாது. கியூரிங் முடிந்த துணியை லேபுக்கு அனுப்பணும்.